இடுப்பு வலிக்கு மாத்திரை. கை கால் விழுந்தால் யார் பொறுப்பு?

பொழுது விடியுமுன்னே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. சிலமலை, ராசிங்காபுரம், மேலச்சொக்கநாதபுரம், சில்லமரத்துப்பட்டி என்று சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்தும் கிளம்புகின்றன. முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. பைக்குள் தூக்குச்சட்டி, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள். முந்தானை முடிச்சில் நாலு மாத்திரை.

அந்த நாலு மாத்திரையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

"மாத்திரையைப் பற்றி எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கூலியைப் பற்றி எழுதுங்கள்" என்று சில தோழர்கள் சொல்லலாம். பொறுத்துப் படியுங்கள். இதுவும் கூலியைப் பற்றிய விஷயம்தான்.

ஒரு சகோதரியின் கதை

ஏலக்காய் கைக்கு எட்டும் உயரத்தில் காய்ப்பதில்லை. செடியின் அடியிலிருந்து சரம் கிளம்பி, மண்ணை ஒட்டிப் படர்ந்து, அதில் காய்க்கிறது. காய் எடுக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், அல்லது குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றுவதுமில்லை. ஒரு சுற்று எடுத்து முடித்தால் சில வாரங்களில் அடுத்த சுற்று வந்துவிடும். இப்படியே மாதக்கணக்கில் போகும். சரிவான நிலம், சொதசொதக்கும் மண், குளிர்காற்று. மாலையில் நிமிரும்போது முதுகெலும்பு 'மடக்' என்கிறது. பிறகு அதே ஜீப்பில் அதே நெருக்கடியில் மலை இறங்கி, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்ட வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி இப்படி இருபது வருஷம் மலை ஏறினார். பேர் வேண்டாம். இடுப்பு வலிக்கு ஒரு கடையில் 'செட்' மாத்திரை வாங்குவார். செட் என்றால் நமது ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அட்டையிலிருந்து நறுக்கி, காகிதத்தில் மடித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கொடுப்பது. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், காலாவதி ஆகிவிட்டதா, ஒன்றும் தெரியாது. ஆறு வருஷம் அநேகமாக வேலை நாள் தவறாமல் சாப்பிட்டார். ஒரு நாளும் அவருடைய ரத்தக் கொதிப்பை யாரும் அளந்து பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை, தூக்குச்சட்டியை எடுக்கப் போன வலது கை எழவில்லை. வாய் கோணிவிட்டது. நாற்பத்தாறு வயதில் கை கால் விழுந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அளந்தபோது ரத்தக் கொதிப்பு எங்கேயோ ஏறி நின்றது.

அந்த மாத்திரைதான் காரணம் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஒரு தனி ஆளுக்கு இன்னதால்தான் வாதம் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லிவிட முடியாது. கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பே வாதத்துக்குப் பெரிய காரணம். ஆனால் கொதிப்பு இருப்பதே தெரியாத ஒருவர், கொதிப்பை ஏற்றக்கூடிய மாத்திரையை ஆறு வருஷம் விழுங்கினார். யாரும் தடுக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. இதற்கு யார் பொறுப்பு? இதுதான் நமது கேள்வி.

நாமும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. ஒரு கோரிக்கை ஊர்வலத்துக்கு வந்த வயதான பெண்கள் கால் வலிக்கிறது என்றபோது, நாமே ஓடிப் போய் அதே செட் மாத்திரையை வாங்கி வந்து கொடுத்தோம். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தோம். ஆனால் "அம்மா, உனக்குக் கொதிப்பு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கவும் இல்லை. தெரிந்துகொண்ட பிறகு சும்மா இருப்பது தவறு என்பதால்தான் எழுதுகிறோம்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

செட்டில் வழக்கமாக இருப்பது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் போன்ற மருந்துகளில் ஒன்று. இவை வலியையும் வீக்கத்தையும் குறைக்கிற ஒரே குடும்பத்து மருந்துகள். காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் இந்தக் குடும்பம் அல்ல.

அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிற சில பொருள்களை நம் உடம்பே சுரக்கிறது. அந்தச் சுரப்பை இந்த மருந்து அடைக்கிறது. வலி நிற்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரே வாய்க்காலில் இருந்து பல வயல்களுக்குத் தண்ணீர் பாய்வதை நாம் பார்த்திருக்கிறோம். தலைமடையை அடைத்தால் களை முளைத்த வயல் மட்டுமா காய்கிறது? நெல் வயலும் சேர்ந்தே காய்கிறது.

அதே சுரப்பு வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது. அதனால்தான் இந்த மாத்திரையில் வயிறு புண்ணாகி ரத்தம் கசிகிறது. அதே சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓடச் செய்கிறது. அது குறைந்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையின் வேலையும் கெட்டுப் போகிறது. இன்னொன்றும் உண்டு. ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் ஒன்று, உறையாமல் காக்கும் பொருள் ஒன்று, இரண்டும் தராசுத் தட்டுகள் போல உடம்பில் சமமாக நிற்கின்றன. இந்தக் குடும்பத்து மருந்துகள் சில, காக்கும் பொருளின் தட்டை மட்டும் இறக்கிவிடுகின்றன. ரத்தக் கட்டி உண்டாக வழி பிறக்கிறது. கட்டி இருதயத்துக் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம்.

உலகம் அறிந்தது எப்போது?

இது நேற்றுக் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. அமெரிக்காவின் மெர்க் கம்பெனி 1999-ல் 'வையாக்ஸ்' என்ற வலி மாத்திரையைக் கொண்டுவந்தது. வயிற்றைப் புண்ணாக்காத அற்புத மருந்து என்று விளம்பரம் பறந்தது. 2004 செப்டம்பர் 30-ந் தேதி அந்தக் கம்பெனியே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. காரணம், பதினெட்டு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் வாதமும் அதிகமாக வந்ததை ஒரு பரிசோதனை காட்டிவிட்டது. அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவில் இருந்த டேவிட் கிரகாம் என்ற அதிகாரியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் போட்ட கணக்குப்படி, அந்த ஒரு தேசத்தில் மட்டும் 88,000 முதல் 1,40,000 பேர் வரை இந்த மருந்தினால் கடுமையான இருதய நோய்க்கு ஆளாகியிருக்கலாம். 2007-ல் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளக் கம்பெனி ஒப்புக்கொண்ட தொகை 485 கோடி டாலர். இந்தியாவிலும் 2004-லேயே அந்த மருந்து தடை செய்யப்பட்டது.

வையாக்ஸ் போய்விட்டது. அதன் உறவுக்காரர்கள்? 2011-ல் ஸ்விட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லட்சம் பேருக்கு மேல் பங்குபெற்ற 31 பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், இப்யூபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் சாப்பிட்டவர்களுக்கு வாத ஆபத்து மூன்று மடங்கை ஒட்டி வந்தது. வாதம் வந்தவர்களின் எண்ணிக்கை குறைவு, ஆகவே கணக்கில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். 2013-ல் இன்னும் பெரிய கணக்கு ஒன்று வந்தது. சுமார் மூன்றரை லட்சம் பேர். டைக்ளோஃபெனாக்கைப் பெரிய அளவில் ஒரு வருஷம் சாப்பிடும் ஆயிரம் பேரில், சாப்பிடாதவர்களைவிட மூன்று பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்து நேர்கிறது, அதில் ஒருவர் இறக்கிறார் என்று கண்டார்கள். அதே வருஷம் ஐரோப்பிய மருந்து நிர்வாகம், மாரடைப்போ வாதமோ வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்றது. 2015-ல் அமெரிக்க நிர்வாகம், இந்தக் குடும்பத்து மருந்துகளால் முதல் சில வாரங்களிலேயே ஆபத்து தொடங்கலாம், அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும் என்று எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

ஆயிரத்தில் மூன்று பேர்தானே என்று சிலர் அலட்சியமாகச் சொல்லலாம். மலை ஏறுகிறவர்கள் ஒரு ஆயிரம் பேர் அல்ல, பல ஆயிரம் பேர். ஒரு வருஷம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் அல்ல. அந்த மூன்றாவது ஆள் யாருடைய தாய்?

கழுகுக்குக் கிடைத்த நியாயம்

நமது தேசத்தில் டைக்ளோஃபெனாக்குக்கு எதிராகச் சட்டம் பாய்ந்த கதை ஒன்று உண்டு. மாட்டுக்கு இந்த மருந்தைப் போட்டு, மாடு செத்தால், அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் சில வகைக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. 2004-ல் காரணம் தெளிவாயிற்று. 2006-ல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்திய சர்க்கார் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக்குப்பிகளை மாட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று கண்டு 2015-ல் அந்தக் குப்பிகளையும் தடுத்தது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. சென்னை ஹைகோர்ட் 2017-ல் தடை செல்லும் என்றது.

நல்ல காரியம். மனமார வரவேற்கிறோம். கழுகு பிழைக்க வேண்டும். ஆனால் மலை ஏறுகிற மனுஷி விஷயத்தில் சட்டம் ஏன் தூங்குகிறது? புதிய சட்டம்கூட வேண்டாம். டைக்ளோஃபெனாக் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. 'எச்' அட்டவணை என்று 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் இருக்கிறது. அந்த விதி காகிதத்தில் இருக்கிறது, மாத்திரை முந்தானையில் இருக்கிறது. நடுவில் எந்த இன்ஸ்பெக்டரையும் காணோம்.

மில்லுக்குள்ளும் இதே கதை

மலையில் கங்காணி சட்டைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தால் அதற்குக் கருணை என்று பேர். மில்லில் சூப்பர்வைசர் கொடுத்தால் அதற்கும் அதே பேர்தான். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் என்ற செய்தி ஸ்தாபனம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களை விசாரித்தது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் லீவு கிடையாது, பேர் எழுதாத மாத்திரை ஒன்று கையில் வருகிறது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். பக்க விளைவு பற்றி எச்சரிக்கை கிடையாது. தங்கள் உடம்பு கெட்டுவிட்டது என்று பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள். டாக்டர்களிடம் காட்டியபோது, அவை இப்யூபுரோஃபென் குடும்பத்து மாத்திரைகள் என்று தெரிந்தது.

ஸ்பின்னிங் மில்லில் எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நடக்கிற நம் பெண்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மாத்திரையின் விலை சில ரூபாய். ஒரு நாள் லீவின் விலை ஒரு நாள் கூலி, ஒரு நாள் உற்பத்தி. முதலாளி எதைக் கொடுப்பார்? கணக்குப் படித்தவருக்குச் சந்தேகமே வராது. மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல மனிதருக்கு மாத்திரை. ஆனால் மெஷின் உடைந்தால் செலவு முதலாளிக்கு. கை கால் விழுந்தால் செலவு குடும்பத்துக்கு.

"குனியலைன்னா கூலி கிடையாது"

இதையெல்லாம் ஜீப் நிற்கும் இடத்தில் விளக்கிச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்: "எல்லாம் சரிங்க தோழர். மாத்திரை போடலைன்னா குனிய முடியாது. குனியலைன்னா கூலி கிடையாது. நீங்க என்ன செய்யச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு மாத்திரையைக் கீழே போடு என்று பதில் சொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. பயமுறுத்துவது நமது வேலை அல்ல. ஆகவே தெரிந்ததைத் தெளிவாகச் சொல்கிறோம்.

கொதிப்பு, சர்க்கரை, இருதய நோய், சிறுநீரக நோய் எதுவும் இல்லாதவர் டாக்டர் சொன்ன அளவில் இரண்டு மூன்று நாள் சாப்பிடுவதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து, தினமும் சாப்பிடுவதில். இரண்டு செட்டைச் சேர்த்துச் சாப்பிடுவதில். வெறும் வயிற்றிலும், தண்ணீர் குடிக்காமல் வேர்த்துக் கொட்டும்போதும் சாப்பிடுவதில். மேலே சொன்ன நோய் உள்ளவர்களும், ஏற்கெனவே வாதம் வந்தவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாரசிட்டமால் இவர்களில் அநேகருக்கு இதைவிடப் பாதுகாப்பு. ஆனால் அதையும் அளவு மீறினால், குடிப்பழக்கம் இருந்தால், ஈரல் கெடும். இருதயத்துக்கோ வாதத்துக்கோ டாக்டர் கொடுத்த சிறிய ஆஸ்பிரின் மாத்திரை வேறு விஷயம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை யாரும் நிறுத்திவிட வேண்டாம். வெந்நீர் ஒத்தடமும், மேலே தடவும் மருந்தும் உள்ளே போகிற மாத்திரையை விட உடம்புக்குக் குறைந்த கெடுதி.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், அதுதான் வாதம். புறா ரத்தம் தேய்க்கவும் மந்திரிக்கவும் நேரத்தைக் கொல்லாதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடைப்பினால் வந்த வாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். மலையிலிருந்து இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இது தனி ஆள் செய்யக்கூடியது. மற்றதை நாம் கூடித்தான் செய்ய வேண்டும்.

கோரிக்கைகள்

மலைத் தொழிலாளிக்கு இரண்டு ராஜ்யங்கள் உண்டு, ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது வரும் பகல் நேரத்தில் நமது பெண்கள் மலையில் இருக்கிறார்கள், வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. தோட்டத்தில் வைத்திய வசதி முதலாளியின் கடமை என்று 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இப்போது அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பேர் மாறலாம். தினம் ஜீப்பில் வந்து போகிறவர் எந்தத் தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கிறார் என்ற பழைய கேள்வி மாறவில்லை. ஆகவே கேட்கிறோம்:

1. விடியற்காலையில் ஜீப் கிளம்பும் இடத்திலோ, மாலையில் திரும்பும் இடத்திலோ, வாரம் ஒரு நாள் சர்க்கார் நர்ஸ் வந்து ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அளக்க வேண்டும். கொதிப்பு மாத்திரையை அங்கேயே கொடுக்க வேண்டும்.

2. பேர் இல்லாத, நறுக்கிய மாத்திரை எங்கும் கூடாது. கடையானாலும் மில்லானாலும் தோட்டமானாலும், மாத்திரையின் பேரும் அளவும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். மருந்து இன்ஸ்பெக்டர் இதைச் சோதிக்க வேண்டும்.

3. வலி என்று சொன்ன பெண்ணுக்கு மாத்திரைக்குப் பதில் ஓய்வு. மாதவிலக்கு நாளில் கூலியுடன் லீவு. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ள மில் தொழிலாளிக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டின் பேரில் கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு, வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

4. தோட்டத்தில் காலையும் மாலையும் நிமிர்ந்து உட்கார இடைவேளை. காய் எடுப்பையும் மற்ற வேலையையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். மூட்டையின் எடைக்கு வரம்பு வேண்டும். ஜீப்பில் ஆள் கணக்கு வேண்டும்.

5. வேலை செய்யும் இடத்தில் வாதமோ மாரடைப்போ வந்தால், மலை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது முதலாளியின் செலவு.

இவை ஆகாத காரியங்கள் அல்ல. முதல் கோரிக்கைக்கு ஒரு நர்ஸும் ஒரு கருவியும் போதும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். கொதிப்பு அளக்கும் கருவி ஒன்று சங்கம் வாங்கக்கூடிய விலையில்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒன்று வாங்கட்டும். படித்த இளைஞர் ஒருவர் அளக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் அளந்து நோட்டில் எழுதட்டும். அதிகமாக இருப்பவரைக் கையைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகட்டும். அந்த நோட்டே நாளைக்குக் கலெக்டர் முன்னால் நாம் வைக்கப் போகிற மனுவுக்குச் சாட்சி.

வலி என்பது உடம்பு போடுகிற கூக்குரல். "இந்த வேலையை இப்படிச் செய்ய முடியாது" என்று அது சொல்கிறது. மாத்திரை அந்தக் குரலின் வாயைப் பொத்துகிறது. உடம்பு சொல்வதை இனி நாம் சொல்லுவோம், தனித்தனியாக அல்ல, ஜீப் ஜீப்பாக, ஷிப்டு ஷிப்டாக.

அந்த அக்காவின் கேள்விக்கு நமது பதில் இதுதான். அடுத்த ஞாயிறு கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள், அக்கா. முதலில் உங்கள் கையை அளந்து பார்ப்போம்.